தோற்பதற்கு ஒரு போர்டு

வண்டி எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஸ்ரீராம் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

உள்ளங்கை நீளமே இருந்த அந்தச் சிவப்பு ரிமோட் கார், கேன்டீன் மேசைகளுக்கு நடுவே போட்டிருந்த தடத்தை முடித்துக்கொண்டு, காலி சாம்பார் வாளியில் டங்கென்று முட்டி நின்றது. பின்னால், வெகு பின்னால், ஜி.எம். பால்ராஜின் நீல வண்டி கைகழுவும் தொட்டியருகே அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் செய்யும் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள் அத்தனை பேரும், துக்க வீட்டில் மூத்த மகனைப் பார்ப்பதுபோல் ஸ்ரீராமைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. போன மாதம் இதேபோல் ஜி.எம்.மை ஜெயித்தவன் அசோக். அடுத்த வாரமே அவன் ருத்ரபூர் ஆலைக்கு மாற்றலாகிப் போய்விட்டான். ருத்ரபூர் இமயமலை அடிவாரத்தில் இருக்கிறது. கம்பெனிக்கு அங்கே ஓர் ஆலை இருப்பதே பலருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சனிக்கிழமை மதியம் ரிமோட் கார் பந்தயம் என்பது மனிதவளப் பிரிவு மதிவதனியின் யோசனை. ஊழியர்களிடையே நெருக்கம் வளருமாம். புதிதாக வந்திருந்த ஜி.எம். உற்சாகமாகத் தானும் ஒரு வண்டி வாங்கினார். தொடக்க விழாவில் மைக்கைப் பிடித்து, திருநெல்வேலிக் குரலில், "எவனாவது எனக்கு விட்டுக்குடுத்தான்னு தெரிஞ்சுது, தொலைச்சுப்புடுவேன். விளையாட்டுன்னா விளையாட்டா இருக்கணும், பாத்துக்கிடுங்க" என்று எச்சரித்திருந்தார். ஆக, ஜெயித்தால் ருத்ரபூர். வேண்டுமென்றே தோற்றால் அதைவிட மோசம்.

பால்ராஜ் நேராக ஸ்ரீராமிடம் வந்தார். மற்றவர்களை எல்லாம் "என்னடே", "வாடே" என்கிறவர், கை நீட்டி, "நல்லா ஓட்டுனீங்க ஸ்ரீராம். வாழ்த்துகள்" என்றார்.

'ங்க' போட்டுவிட்டார். கசாப்புக் கடைக்காரர் ஆட்டைத் தடவிக்கொடுக்கும் மரியாதை அல்லவா அது?

திருமுல்லைவாயில் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி மைதிலி கையிலிருந்த தோசைத் திருப்பியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களை யாரு ஜெயிக்கச் சொன்னது?"

"நான் ஜெயிக்கல மைதிலி. வண்டி ஜெயிச்சிடுச்சு."

"நல்லா இருக்கு. இப்பத்தான் ஆவடி ஸ்கூல்ல எனக்கு வேலை நிரந்தரமாச்சு. சாயங்காலம் எங்கப்பா பட்டாபிராம்ல ஜெராக்ஸ் கடைய பாதியில சாத்திட்டு வந்து தீபிகாவைப் பாத்துக்கறார். அவரும் கடையத் தூக்கிட்டு இமயமலைக்கு வருவாரா?"

"நான் மட்டும் போவேன். நீங்க ரெண்டு பேரும் இங்க..."

"போவீங்க. உங்களுக்கு வெந்நி வைக்கத் தெரியுமா?"

ஸ்ரீராமுக்குத் தெரியாது. அதோடு, மகள் தீபிகா தூங்கப் போகுமுன் காதில் ரகசியம் சொல்லாமல் தூங்கமாட்டாள். அதை போனில் சொல்ல முடியாது. இதையெல்லாம் நினைத்தபோது ருத்ரபூரின் குளிர் திருமுல்லைவாயில் சமையலறைக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது.

"அடுத்த வாரம் தோத்துடுங்க" என்றாள் மைதிலி.

"சும்மா தோக்க முடியாது. பக்கத்துலயே நின்னு என் விரலையே பாக்கறார். வண்டியே தானா தோக்கணும்."

இங்கேதான் ஸ்ரீராம் தவறு செய்தான். தர ஆய்வுப் பிரிவில் தலை நரைத்தவன் அவன். தோல்வியையும் ஒரு பொறியியல் வேலையாக எடுத்துக்கொண்டான்.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜாகிரின் கடை. முன்பக்கம் மொபைல் உறைகள் தொங்கும். உள்ளே போனால் ரிமோட் கார் சாமான்கள். வார நாளிலும் நாலு கல்லூரிப் பையன்கள் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பார்கள்.

"வா சார். இன்னா, மோட்டார் டிரைவர் மாத்தணுமா?" என்று ஜாகிர் எழுந்தார். "புது போர்டு ஒண்ணு வந்துகீது. வண்டி அப்பிடியே பிச்சிக்கும்."

"பிச்சிக்க வேணாம் பாய். மெதுவா போகணும்."

பையன்கள் திரும்பினார்கள்.

"மெதுவாவா?"

"ஆமா."

"கொயந்தைக்கா சார்?"

"எனக்குத்தான்."

ஜாகிர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கடை போட்ட நாள்லேர்ந்து ஸ்பீடு பத்தலன்னு தான் சார் வந்துகினு கீறாங்கோ. உடம்பு கிடம்பு நல்லாத்தான கீது?"

டிரைவர் போர்டு என்பது கட்டைவிரல் நகமளவு பலகை. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று அதுதான் தீர்மானிக்கும். அதிகம் விடுகிற போர்டு என்றால் வண்டி பாயும். கொஞ்சமாக விடுகிற போர்டு என்றால் தவழும். ஸ்ரீராமின் திட்டம் இவ்வளவுதான். கடையிலேயே நோஞ்சானான ஒரு போர்டைத் தேர்ந்தெடுத்தான். ஜாகிர் அதை உறையில் போடும்போது, நல்ல வீட்டுப் பெண்ணைக் குடிகாரனுக்குக் கட்டிக்கொடுப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. மதிவதனி விசில் ஊதினாள்.

கேன்டீன் தரை வழவழப்பான டைல்ஸ். அதில் அப்போதுதான் கேன்டீன் வேலை பார்க்கும் சரசா அக்கா ஈரத்துணி போட்டிருந்தாள். விசில் சத்தம் கேட்டதும் எல்லா வண்டிகளும் ஆவேசமாகச் சக்கரத்தைச் சுழற்றி, நின்ற இடத்திலேயே வழுக்கின. ஒன்று பெஞ்சுக்கடியில் போனது. இன்னொன்று பொரியல் பாத்திரத்தின் அடியில் மாட்டிக்கொண்டது. ஸ்ரீராமின் வண்டிக்கு மட்டும் வழுக்குகிற அளவுக்குத் தெம்பில்லை. தரையைப் பிடித்துக்கொண்டு, கோயில் பிராகாரம் சுற்றும் மாமியைப்போல், நிதானமாக, ஒரு திருப்பத்திலும் தடுமாறாமல் வலம் வந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது.

ஸ்ரீராம் வாயைத் திறந்தான். மூடத் தோன்றவில்லை.

ஜி.எம்.மின் வண்டி எங்கே? அது கிளம்பவே இல்லை. அவர் ரிமோட்டை அழுத்திக்கொண்டே ஸ்ரீராமைப் பார்த்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"மறுபடியும் நீங்கதான்" என்றார் மெல்ல.

"சார், அது வந்து... தரை..."

"தரையா? சரி பண்ணிடுவோம். கண்டிப்பா சரி பண்ணிடுவோம்" என்று வேகமாகத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரீராம் வயிற்றுவலி என்று லீவு சொன்னான். ஒரு மணி நேரத்தில் மதிவதனி போன் செய்தாள்.

"சார், பந்தயத்தைத் திங்கக்கிழமைக்கு மாத்தியாச்சு. நீங்க இல்லாம நடத்தக் கூடாதுன்னு ஜி.எம். சொல்லிட்டார். டாக்டரைப் பாத்தீங்களான்னு ரெண்டு வாட்டி கேட்டார்."

போனை வைத்ததும் உண்மையாகவே வயிறு வலித்தது.

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆவடி சாலையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுப் பூந்தமல்லி போய்ச் சேர்ந்தான்.

"பாய், அதைவிட நோஞ்சான் போர்டு இருக்கா?"

"இருந்த நோஞ்சானை எல்லாம் யாரோ வாங்கிக்கினு பூட்டாங்க சார். இந்த மாசம் இன்னாமோ ஊரே தலைகீயா கீது."

ஸ்ரீராம் யோசித்தான். மெதுவாகப் போய்த் தோற்க முடியாவிட்டால் வேகமாகப் போய்த் தோற்கலாமே? வழுக்கும் தரையில் மட்டுமீறிய சக்தி கொடுத்தால் வண்டி பம்பரமாகச் சுற்றிக் கவிழ்ந்துவிடும். இயற்கையான மரணம். எவரும் சந்தேகப்பட முடியாது.

"இருக்கிறதுலயே பெருசு எது?"

ஜாகிரின் முகம் மலர்ந்தது. "அப்பிடி வா சார் வழிக்கு!"

அந்த போர்டை வைக்க வண்டியின் மேல்கூட்டையே கொஞ்சம் அறுக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஸ்ரீராம், போகிற போக்கில் கம்பிகளை மட்டமாகவே பற்றவைத்துவிடலாம் என்றும் பார்த்தான். கை ஒத்துழைக்கவில்லை. இத்தனை வருடம் பிறர் வேலையில் குறை கண்டுபிடித்த கை அது. ஒவ்வொரு இணைப்பும் பாடப்புத்தகப் படம்போல் பளபளத்தது. வரவேற்பறை டைல்ஸில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி கிறுகிறுவென்று சுற்றி, மல்லாந்து, சக்கரங்களை உதறியது.

"ஐயோ, அழகா தோக்குதுப்பா!" என்று தீபிகா கைதட்டினாள். மைதிலிகூடச் சிரித்தாள்.

திங்கட்கிழமை கேன்டீனுக்குள் நுழைந்த ஸ்ரீராம் வாசலிலேயே நின்றுவிட்டான். தரை முழுக்கக் கறுப்பு ரப்பர் விரிப்பு. புத்தம் புதிது. வாசனைகூடப் போகவில்லை.

"இது என்ன?"

"ஜி.எம். போடச் சொன்னார் சார்" என்றாள் மதிவதனி. "ஸ்ரீராம் சார் தரை சரியில்லன்னு வருத்தப்பட்டார், அவர் வண்டி வழுக்கவே கூடாதுன்னு ஒரே ஆர்டர்."

விசில் ஒலித்தது. ரப்பரை இறுகப் பிடித்துக்கொண்டது சக்கரம். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சிவப்பாக ஏதோ போனது என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. கடைசித் திருப்பத்தில் விரிப்பு மடிந்திருந்த மேட்டில் ஏறிய வண்டி, தரையை விட்டெழும்பி, தண்ணீர்ப் பானையைத் தாண்டி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, எல்லைக்கோட்டுக்கு அப்பால் நாலு சக்கரத்தில் வந்து உட்கார்ந்தது.

ஸ்ரீராமின் விரல் இன்னும் முழுதாக அழுத்தியிருக்கவில்லை.

ஜி.எம். வண்டி இந்த முறை கிளம்பியது. பின்பக்கமாகப் போய், சுவரில் இடித்து, அங்கேயே இருந்துவிட்டது. இவ்வளவு மோசமாக ஒரு மனிதர் ரிமோட் கார் ஓட்ட முடியும் என்பதை ஸ்ரீராமால் நம்பவே முடியவில்லை. இவரிடம் தோற்க வேண்டும் என்றால் வண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் போலிருக்கிறதே!

மறுநாள் ஜி.எம். கூப்பிட்டு அனுப்பினார். போனதும் அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. காபி சொல்லவா?"

"வேண்டாம் சார்."

"எம்.டி. உடம்பு இப்ப தேவலையா?"

எம்.டி.யை ஸ்ரீராம் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, தூரத்தில், மாலை மறைத்த முகமாகப் பார்த்திருக்கிறான். இது என்ன கேள்வி? மேலிடத்தில் தன் மாற்றல் தாளில் கையெழுத்தாகிவிட்டது என்று சூசகமாகச் சொல்கிறாரா?

"நல்லா இருப்பார்னு நினைக்கிறேன் சார்."

"நினைக்கிறீங்க." பால்ராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிதான். வெளிய சொல்லக் கூடாதுதான். குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமா?"

"சார்!" ஸ்ரீராம் பதறிப்போனான். "பொண்ணு சின்னப் பொண்ணு சார். மாமனார்தான் எங்களுக்கு எல்லாமே. அவர் நிழல்லதான் சார் குடும்பமே ஓடுது."

பால்ராஜின் முகம் வெளுத்துப்போனது. "புரியுது. நல்லாப் புரியுது" என்றார். அவரே எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று மாலை மைதிலி ஒரு பையோடு வந்தாள். உள்ளே பழுப்பு நிறக் கம்பளிக் குரங்குக் குல்லா.

"எதுக்கு இது?"

"ருத்ரபூருக்குத்தான். ஆவடி மார்க்கெட்ல இது ஒண்ணுதான் இருந்துது. இந்த வெயில்ல குல்லா கேட்டதும் கடைக்காரர் என்னைப் பாத்த பார்வை இருக்கே." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காது மூடுதான்னு போட்டுப் பாருங்க."

ஸ்ரீராம் போட்டுக்கொண்டான். தலை வெந்தது. அந்த வேக்காட்டில்தான் அவனுக்கு யோசனை வந்தது.

அந்தப் பெரிய போர்டில் ஒரு பாதுகாப்பு உண்டு. சூடு மிஞ்சினால் எரிந்துபோகாமல் இருக்கத் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அதற்குக் காற்றே படாமல் போர்த்திவிட்டால்? வண்டி பாதி வழியில் நின்றுவிடும். விரல் அழுத்திக்கொண்டே இருக்கும்; வண்டி நகராது. ஜி.எம். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குற்றம் காண முடியாது.

குல்லாவின் காதுப் பக்கத்தைக் கத்தரித்து, போர்டைச் சுற்றி மடித்து, நூலால் தைத்தான். கை வழக்கம்போல் தையலையும் நேர்த்தியாகப் போட்டது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, கோப்பைக்கான இறுதிப் பந்தயம். மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டார்கள். தடத்தில் இரண்டே வண்டிகள், சிவப்பும் நீலமும். கேன்டீனில் நிற்க இடமில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரை தகித்தது.

விசில்.

சிவப்பு வண்டி பாய்ந்தது. ஒரு சுற்று. ஸ்ரீராம் மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டான். கடைசியான இரண்டாவது சுற்றில் வண்டி தயங்கியது, இருமியது, எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றேவிட்டது.

ஸ்ரீராமுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. இவ்வளவு அழகான தோல்வியை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு, ரிமோட்டை அழுத்தியபடியே நின்றான். இனி ஜி.எம். வந்து தாண்ட வேண்டியதுதான் பாக்கி.

நீல வண்டி வந்தது. நத்தையைப்போல் வந்தது. சிவப்பு வண்டிக்குப் பின்னால் வந்ததும் அதுவும் நின்றது.

இரண்டு வண்டிகள், இரண்டு மனிதர்கள், இரண்டு அழுத்திய விரல்கள். எதுவும் அசையவில்லை. யாரோ தும்மினார்கள்.

"வாங்க சார், வாங்க! இன்னும் கொஞ்சம்தான்!" என்று ஸ்ரீராம் தன்னை மறந்து கத்தினான்.

"நீங்க போங்க! நீங்க போங்க ஸ்ரீராம்!" என்று பால்ராஜும் கத்தினார்.

பிறகு கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, "ஒரே புழுக்கமா இருக்கே, அந்தப் பெரிய ஃபேனைப் போடுங்கடே!" என்றார்.

சரசா அக்கா போட்டாள். தொழிற்கூடத்து ராட்சச மின்விசிறி. காற்று தரையோடு வீசியது. சிவப்பு வண்டியின் மேல்கூட்டில் ஸ்ரீராம் அறுத்திருந்த ஓட்டை வழியே உள்ளே புகுந்தது.

போர்டு குளிர்ந்தது.

வண்டி லேசாகச் சிலிர்த்தபோதே ஸ்ரீராமுக்குப் புரிந்துவிட்டது. விரலை எடுக்க வேண்டும். மூளை சொன்னது. விரல் கேட்கவில்லை; அதிர்ச்சியில் இன்னும் இறுகியது. சிவப்பு வண்டி துள்ளி, அந்த ஒரு முழத்தைக் கடந்து, கோட்டைத் தாண்டி, நேராகப் போய்ப் பால்ராஜின் காலணியில் முட்டிக்கொண்டு நின்றது.

பால்ராஜ் குனிந்து அதைப் பார்த்தார். கோப்பையை எடுத்து ஸ்ரீராமின் கையில் வைத்தார். "ரொம்ப சந்தோஷம். என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றார். யாரையும் பார்க்காமல் மாடிப்படி ஏறிப்போனார்.

கேன்டீன் காலியானது. ஸ்ரீராம் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மைதிலியிடம் எப்படிச் சொல்வது? குல்லாவுக்கு ஒரு காதுவேறு இல்லை.

சரசா அக்கா டீ கொண்டுவந்தாள். காகிதக் குவளையில் இல்லை. விருந்தினருக்கு வைத்திருக்கும் பீங்கான் கோப்பையில், பக்கத்தில் முந்திரி பிஸ்கெட்டோடு.

"குடிங்க சார். ஜெயிச்சுட்டு இன்னா சார் மூஞ்சிய இப்பிடித் தொங்கப் போட்டுக்கினு கீறீங்கோ?"

"என்னை ருத்ரபூருக்கு அனுப்பப் போறாங்க, அக்கா."

"ஒங்களையா!" சரசா அக்கா வாயில் கைவைத்துச் சிரித்தாள். "ஒங்களை எவன் சார் அனுப்புவான்?"

"அசோக்கை அனுப்பலையா? ஜெயிச்ச மறுவாரமே?"

"அது பிரமோசனுக்கு ஆசைப்பட்டுத் தானா கேட்டு வாங்கிக்கினு போச்சு சார். அன்னிக்கு மாடிக்கு டீ கொண்டு போனதே நான்தான், என் காதால கேட்டேன். இப்பவும் டீ குடுத்துட்டுத்தான் வரேன். ஜி.எம். சார் போன்ல பொலம்பிக்கினே பொட்டி கட்டிக்கினு கீறாரு."

"பெட்டியா? எதுக்கு?"

சரசா அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஜி.எம்.மையே வாரா வாரம் பயமில்லாம தோக்கடிக்கிறவரு எம்.டி.யோட மருமவனாத்தான் இருப்பாருன்னு கண்டுபுடிச்சு, பூந்தமல்லி கடைல மட்டமான போர்டா பொறுக்கி வாங்கி ஒங்ககிட்ட தோத்துத் தோத்துப் பாத்தாரு, நீங்க மனசு எறங்கவே இல்ல; இப்போ பாவம், ருத்ரபூருக்கு அவரே எழுதிக் குடுத்துட்டாரு!"